வான் லிங்க்கில் ஷேப்பிங்கா, போலீசிங்கா?

கிளை அலுவலகத்துக்கு 50 எம்பிபிஎஸ் வான் லிங்க் (தொலைதூர அலுவலகங்களை இணைக்கும் லைன்) வாங்கியிருக்கிறீர்கள். ரவுட்டர் போர்ட்டோ 1 ஜிபிபிஎஸ். கிராஃபில் லிங்க் பாதி காலியாகத் தெரிகிறது, ஆனால் ஃபைல் காப்பி நகர மாட்டேன் என்கிறது, போன் கால் விட்டு விட்டுக் கேட்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான்.

வேகத்தை மட்டுப்படுத்த இரண்டு வழி. ஷேப்பிங், அளவு மீறும் பாக்கெட்டை (தரவுத் துண்டை) வரிசையில் நிறுத்திவைத்து, முறை வந்ததும் அனுப்பும். போலீசிங்குக்கு அந்தப் பொறுமை கிடையாது. அங்கேயே தூக்கிப் போடும், அல்லது முன்னுரிமைக் குறியைக் குறைத்து அனுப்பும்.

படி 1: எதிர்முனையில் யார் வெட்டுகிறார்கள்?

லிங்க் கொடுத்த நிறுவனத்திடம் இரண்டு கேள்வி: போலீசிங் உண்டா, பர்ஸ்ட் அளவு (ஒரே மூச்சில் அனுமதிக்கும் தரவு) எவ்வளவு? அது 62,500 பைட் என்று வைத்துக்கொள்வோம். 1,500 பைட் பாக்கெட்டில் சுமார் 41. உங்கள் போர்ட் அதை அரை மில்லிசெகண்டில் கொட்டிவிடும். போலீசிங் இந்த அனுமதியை ஒரு டோக்கன் வாளியாகக் கணக்கு வைக்கும்; பாக்கெட் போகப் போக அது காலியாகும். 50 எம்பிபிஎஸ்ஸில் அந்த வாளி மறுபடி நிரம்ப 10 மில்லிசெகண்ட் ஆகும். நடுவில் மொத்தமாக வருவதில் பெரும்பகுதி குப்பைக்குத்தான். பாக்கெட் தொலைந்ததும், ஃபைல் காப்பி போன்றவற்றைக் கொண்டுசெல்லும் டிசிபி நெறிமுறை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடச் சராசரி காட்டும் கிராஃபில் இது எதுவும் தெரியாது.

படி 2: வெளியேறும் பக்கம் ஷேப்பிங்

அவர்கள் வெட்டுவதற்கு முன் நீங்களே நிதானப்படுத்துங்கள். ஈதர்நெட் மேல்சுமைக்குக் கொஞ்சம் இடம் விட்டு 48 எம்பிபிஎஸ் வைக்கலாம். சிஸ்கோ ரவுட்டரில் பாலிசி-மேப்புக்குள் (போக்குவரத்து விதிகளின் தொகுப்பு) இப்படி வரும்:

ஷேப் ஆவரேஜ் 48000000 480000

இரண்டாவது எண் ஒரு தவணையில் அனுப்பும் பிட்கள்; அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒரு தவணை. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: ஷேப் கட்டளையில் பர்ஸ்ட் பிட்டில், போலீஸ் கட்டளையில் பைட்டில். நான் இதில் ஒருமுறை விழுந்து அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

படி 3: குரலுக்குத் தனி வழி

வரிசையில் 1,000 முழு பாக்கெட் நின்றால், 48 எம்பிபிஎஸ்ஸில் கடைசி பாக்கெட்டுக்கு 250 மில்லிசெகண்ட் காத்திருப்பு. குரலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்புத் தர அமைப்பான ஐடியூ-டியின் ஜி.114 பரிந்துரை. அதனால் ஷேப்பருக்குள்ளேயே குரல் பாக்கெட்டுகளை முதலில் அனுப்பும் ஒரு முன்னுரிமை வகுப்பு வையுங்கள். அதை மறந்துவிட்டு ஷேப்பிங் மேல் பழி போடுபவர்கள்தான் அதிகம்.

அப்போ போலீசிங் எதற்கு?

உள்ளே வரும் திசையில் ரவுட்டர்களில் பொதுவாக ஷேப்பிங் செய்ய முடியாது, அங்கே போலீசிங்தான். விருந்தினர் வைஃபைக்கு உச்சவரம்பு போடவும், முன்னுரிமை வகுப்பு மற்றவற்றைப் பட்டினி போடாமல் தடுக்கவும் அதுவே சரி.

படி 4: சரிபார்ப்பு

'ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்' கொடுத்துப் பாருங்கள். இனி டிராப் (கைவிடப்பட்ட பாக்கெட்) உங்கள் ரவுட்டரிலேயே, வகுப்புவாரியாகத் தெரியும். சாதாரண வகுப்பில் கொஞ்சம் இருந்தால் கவலை வேண்டாம். முன்னுரிமை வகுப்பில் ஏறினால், குரலுக்கு ஒதுக்கிய அளவு போதவில்லை.