பிரெஞ்சுக் கிராமப்புறத்தில் நடக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பிரான்சின் மலைப்பாதைகளில் வழி தவறியவர்களைவிட, அங்கே போய்ச் சேர வேண்டிய பஸ்ஸைத் தவறவிட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பாரிஸில் ஒரு மெட்ரோ போனால் அடுத்தது பின்னாலேயே வந்துவிடும். அந்த நினைப்பிலேயே கிராமத்து பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கிறோம். அங்கே ஒட்டியிருக்கும் அட்டவணையில் நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது, அடியில் இருக்கும் பொடி எழுத்தையும் படிக்க வேண்டும். ‘பெரியோத் ஸ்கோலேர்’ என்று இருந்தால் அந்த பஸ் பள்ளிக்கூடம் நடக்கும் நாள்களில் மட்டும் ஓடும். நாம் கிளம்பிப் போகிற ஜூலை, ஆகஸ்டில் வராது. ‘சூர் ரெசெர்வாசியோன்’ என்று இருந்தால் முன்கூட்டியே, பெரும்பாலும் முந்தின நாளே, போன் செய்து சொல்லிவைக்க வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் வண்டி கிளம்பவே கிளம்பாது.

பஸ் கிடைத்து, பாதைக்கும் வந்துவிட்டோம் என்று வையுங்கள். அடுத்த தவறு கிலோமீட்டர் கணக்கு. ‘பத்துதானே, காலையில் பீச்சில் நடக்கிற தூரம்தானே’ என்று கிளம்பிவிடுவோம். அங்கே நடக்கிறவர்கள் முதலில் பார்ப்பது தூரத்தை இல்லை, ‘தெனிவ்லே’யை. பாதை மொத்தம் எத்தனை மீட்டர் ஏறுகிறது என்ற கணக்கு அது. சமதளத்தில் மணிக்கு 4 கி.மீ. நடக்கிறவர், ஏற்றத்தில் மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறினால் நல்ல வேகம். பத்து கிலோமீட்டர் பாதையில் 900 மீட்டர் ஏற்றம் இருந்தால், ஏறுவதற்கே மூன்று மணி நேரம். வழிகாட்டிப் பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதும் படம் எடுப்பதும் சேராது.

தென்கிழக்குப் பிரான்சின் வெர்தோன் பள்ளத்தாக்கில் இந்தக் கணக்குப் பிழைத்து நான் பட்டது மறக்காது. பிளான்-மார்த்தெல் பாதை மாலீன் விடுதியில் தொடங்கி, புவான் சுப்லீமில் முடிகிறது. சுமார் 15 கி.மீ. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிற பாதை இல்லை அது. காரை மாலீனில் நிறுத்திவிட்டு நடந்தால், மறுமுனையிலிருந்து காரை எடுக்க ‘நவெத்’ எனும் சிற்றுந்தில்தான் திரும்ப வேண்டும். அதுவும் வருடம் முழுக்க ஓடுவதில்லை. நடுவழியில் இரும்பு ஏணிப்படிகள், இருநூறுக்கும் மேல். கடைசிக் கட்டத்தில் சுரங்கங்கள். நீர்மின் திட்டத்துக்காகத் தோண்டிப் பிறகு கைவிட்டவை. ஒன்று அறுநூறு மீட்டருக்கும் நீளம், உள்ளே கும்மிருட்டு, கீழே குட்டை குட்டையாகத் தண்ணீர். போனில் விளக்கு இருக்கிறதே என்று டார்ச் எடுத்துப் போகவில்லை. படம் எடுத்தே பாட்டரி தீர்ந்திருந்தது. முன்னால் போன ஒரு குடும்பத்தின் தலைவிளக்கு வெளிச்சத்தை ஒட்டிக்கொண்டே வெளியே வந்தேன். அதற்குள் கடைசிச் சிற்றுந்து போயிருந்தது.

அதே பள்ளத்தாக்கில் இன்னொன்று: ஆறு அமைதியாகத் தெரிகிறதே என்று நடுப்பாறையில் போய் உட்காராதீர்கள். மேலே அணைகள் இருக்கின்றன. மழையே இல்லாத நாளிலும் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் திறந்தால் சட்டென்று மட்டம் ஏறும். எச்சரிக்கைப் பலகைகள் கரையிலேயே நிற்கின்றன.

தண்ணீர் விஷயத்தில் நார்மாண்டிக்கும் ஒரு பாடம் உண்டு. எத்ரத்தாவின் வெள்ளைச் சுண்ணப் பாறைகளுக்குக் கீழே கடற்கரையில் நடக்கும்போது கடல் எங்கோ தள்ளி இருக்கும். வங்கக் கடலில் ஏற்றவற்றம் குறைவு என்பதால் நமக்கு அதைக் கவனிக்கிற பழக்கம் இல்லை. ஆங்கிலக் கால்வாயில் அது பல மீட்டர். திரும்பிப் பார்ப்பதற்குள் வந்த வழி மூடிவிடும், பின்னால் செங்குத்துப் பாறை. கிளம்புமுன் அன்றைய ஏற்றவற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாறையடியில் பாய் விரிக்கவும் வேண்டாம், மேலிருந்து பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிற பாறை அது. அங்கே கிடக்கும் உருண்டைக் கூழாங்கல்லை நினைவாக எடுத்து வருவதும் குற்றம், அபராதம் உண்டு.

வழி அடையாளங்களைப் பற்றி. மரத்திலும் பாறையிலும் வெள்ளைக் கோடும் அதன் கீழே சிவப்புக் கோடும் இருந்தால் அது ‘ஜே.எர்.’ எனப்படும் நெடும்பாதை. 1947-இல் ஓர்லியான் பக்கத்தில் முதன்முதலில் தீட்டத் தொடங்கிய இந்த அடையாளங்களை இன்றும் தொண்டர்கள்தான் பூசிப் புதுப்பிக்கிறார்கள். ஒற்றை மஞ்சள் கோடு சிறு பாதை. மஞ்சளும் சிவப்பும் அந்த வட்டாரத்தைச் சுற்றிவரும் பாதை. பெருக்கல் குறி போட்டிருந்தால் ‘இந்தப் பக்கம் இல்லை’ என்று பொருள். பலர் அதைப் பார்த்து ‘ஆகா, அடையாளம் இருக்கிறது’ என்று அதே வழியில் போய்விடுகிறார்கள். பத்து நிமிடமாக எந்தக் குறியும் கண்ணில் படவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்புவதுதான் நல்லது. மரம் வெட்டுகிறவர்கள் போட்ட நீலப் புள்ளியை நம்பிக் காட்டுக்குள் போய்விடாதீர்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ‘இ.ஜே.என்.’ எனும் பிரெஞ்சு அரசு வரைபட நிறுவனம் வெளியிடும் 1:25,000 காகித வரைபடம் இன்னும் மேல், அதற்கு சார்ஜ் வேண்டாம்.

காடு என்றால் அரசாங்கக் காடு என்று நினைப்பதும் தவறு. பிரான்சில் காடுகளில் முக்கால் பங்கு தனியார் சொத்து. தடைப் பலகை தெளிவாக இருக்கும் தனியார் நிலத்தில் நுழைந்தால் 2023-இல் வந்த சட்டப்படி அபராதம். பாதையில் மாட்டுப் பட்டியின் கதவு குறுக்கிட்டால் திறந்து போகலாம், போனதும் பழையபடி மூட வேண்டும். இலையுதிர் காலத்திலும் குளிரிலும் வேட்டை நடக்கும். ‘ஷாஸ் ஆன் கூர்’ (வேட்டை நடக்கிறது) என்ற பலகை கண்டால் வேறு வழி பாருங்கள். அந்த மாதங்களில் பச்சை, பழுப்புச் சட்டையைத் தவிர்த்து, பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள்.

ஆல்ப்ஸ், பிரெனே மலைகளில் ஆட்டுமந்தைக்கு நடுவிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய நாய் குரைத்துக்கொண்டு ஓடிவரும். அதன் பெயர் ‘பத்தூ’. 1992-இல் ஓநாய்கள் பிரெஞ்சு ஆல்ப்ஸுக்குத் திரும்பியதிலிருந்து அங்கே இவற்றின் காவல் கூடியிருக்கிறது. ஊர் நாயைப் பார்த்துக் கல்லை எடுப்பது நம் கைப்பழக்கம். இங்கே அதைச் செய்யவே கூடாது. ஓடவும் கூடாது. நில்லுங்கள், அது மோப்பம் பிடித்து நீங்கள் யார் என்று முடிவு செய்யட்டும். பிறகு மந்தையை விட்டு நன்றாக விலகி, சுற்றிப் போங்கள். ஆட்டுக்குட்டி அழகாக இருக்கிறதென்று நெருங்குகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் வம்பு.

புல்வெளியில் நடந்துவிட்டு வந்தால் இரவில் உடம்பு முழுக்க உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். முழங்காலுக்குப் பின்னால், அக்குளில், தலைமுடிக்குள். லைம் நோயைப் பரப்புகிற பூச்சி அது. எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் வேண்டாம். மருந்துக்கடையில் ‘தீர்-தீக்’ என்று கேட்டால் அதைப் பிடுங்கும் சிறு கொக்கி தருவார்கள்.

கடைசியாகச் சாப்பாடு. கிராமத்து உணவகம் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான். இரண்டரைக்குப் போய் நின்றால் காபி கிடைக்கும், சோறு கிடைக்காது. ஞாயிறு மத்தியானமும் திங்களும் ஊர்க் கடைகள் பூட்டியிருப்பது சகஜம். ஊற்றுக்குழாயில் ‘ஓ நோன் போதாப்ள்’ என்று எழுதியிருந்தால், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது குடிக்கிற தண்ணீர் இல்லை. வழியோர விடுதியில் இடம் சொல்லிவைத்துவிட்டுப் போகாமல் இருந்தால் கட்டாயம் போன் செய்யுங்கள், மலையில் மாட்டிக்கொண்டீர்களோ என்று அவர்கள் மீட்புப் படையைக் கூப்பிடக்கூடும். சைவம் சாப்பிடுகிறவர் அதையும் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். ‘மீன் சாப்பிடுவீர்கள்தானே?’ என்று கேட்பார்கள். இல்லை என்றால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அப்போ ஆம்லெட்’ என்பார்கள். முட்டையும் ஆகாதவர் பையில் கொஞ்சம் புளியோதரை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் நாள்வரை தாங்கும்.