டாவோஸ் பள்ளத்தாக்கில் ஸ்னோஷூ, ஸ்கீ ஏற்றம்: எந்த நாளில் எந்தப் பக்கம் போவது

டாவோஸ் என்றதும் ஜனவரியில் கோட் சூட்டுடன் தலைவர்கள் கூடும் மாநாடுதான் பலருக்கு ஞாபகம் வரும். அந்த வாரம் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது. மற்ற நாட்களில் அது சுவிட்சர்லாந்தின் கிழக்கு மூலையில், 1,560 மீட்டர் உயரத்தில், லாண்ட்வாசர் ஆற்றோரம் நீளமாகக் கிடக்கும் ஒரு மலையூர். ஊரிலிருந்து தென்கிழக்கே ஃப்ளூயெலா, டிஷ்மா, செர்டிக் என்று மூன்று கிளைப் பள்ளத்தாக்குகள் பிரிகின்றன, ஆற்றோடு கீழே போனால் ஃபிரவுவென்கிர்ஹ், மோன்ஷ்டைன் என்ற சிற்றூர்கள். லிஃப்டில் ஏறி இறங்கும் பார்சென், யாக்கோப்ஸ்ஹார்ன் எல்லாம் வேறு கதை. இங்கே சொல்லப்போவது லிஃப்ட் இல்லாமல், காலில் ஸ்னோஷூவோ (பனியில் புதையாமல் நடக்க உதவும் அகலமான மிதி), ஸ்கின் (பின்னால் வழுக்காமல் ஏற ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) ஒட்டிய ஸ்கீயோ கட்டிக்கொண்டு சொந்தமாக ஏறுகிறவர்களுக்கு. சூரிக் பக்கம் இருக்கும் நம்மாட்களுக்கு லாண்ட்க்வார்ட்டில் ஒரு முறை ரயில் மாறினால் இரண்டரை மணி நேரத்தில் ஊர், ஹால்ப்டாக்ஸ் அட்டை இருந்தால் பாதிக் கட்டணம். அதிகாலை ரயிலைப் பிடித்தால் ஒரே நாளில் போய் வரலாம்.

வழக்கமாக எல்லோரும் செய்வது, ஒரு சிகரத்தின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, சனிக்கிழமை அங்கே போவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு, பிறகு பனி எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. அதைத் தலைகீழாக்குங்கள். முதலில் பனி, அப்புறம் சரிவு, கடைசியில்தான் இடத்தின் பெயர்.

முதல் நாள் மாலை 5 மணி

பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையமான எஸ்எல்எஃப் இருப்பதே டாவோஸில்தான். ஊருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோகில் 1936 முதல் பனியை அளந்து வருகிறார்கள். குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அவர்களுடைய பனிச்சரிவு அறிக்கை வெளியாகும், வைட் ரிஸ்க் என்ற ஆப்பில் இலவசமாகப் படிக்கலாம். அபாயம் 1 முதல் 5 வரை எண்ணாக இருக்கும், 2-லிருந்து மேலே எண்ணோடு கழித்தல், சமம், கூட்டல் குறி போட்டு இன்னும் நுணுக்கமாகச் சொல்வார்கள்.

பலரும் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எண்ணுக்குக் கீழே இருப்பதுதான் முக்கியம்: எந்தத் திசை பார்த்த சரிவுகள், எந்த உயரத்துக்கு மேல், எந்த மாதிரிப் பிரச்சினை. புதுப்பனியா, காற்று அடித்துக் குவித்த பனியா, பழைய பனிக்குள் இருக்கும் பலவீனமான அடுக்கா, ஈரப்பனியா, தரையோடு வழுக்கும் பனியா என்று ஐந்து வகையாகப் பிரித்துச் சொல்வார்கள். டாவோஸில் உங்களை அதிகம் தொல்லைப்படுத்தப்போவது மூன்றாவது, பழைய பனி. காரணம் எளிது. ஆல்ப்ஸின் உட்பகுதி என்பதால் வடக்கு விளிம்பில் கொட்டும் அளவுக்கு இங்கே பனி விழாது, ஆனால் குளிர் அதிகம். தரை ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும், மேற்பரப்போ தெளிந்த இரவுகளில் மைனஸ் இருபதுக்குக் கூட இறங்கும், நடுவில் இருப்பது மெல்லிய பனி, ஆகவே அடியிலிருந்து நீராவி மேலேறிப் பனி மணிகளை உருமாற்றிவிடும். நவம்பரில் விழுந்த பனி ஜனவரிக்குள் ஜீனி மாதிரி ஒட்டாமல் உதிர ஆரம்பிக்கும். அதன் மேல் பிப்ரவரியில் அரை மீட்டர் பனி வந்து உட்கார்ந்தால் பார்ப்பதற்குக் கெட்டியாகத்தான் தெரியும், ஒருவர் எடையில் முழுச் சரிவும் பலகையாகப் பிய்த்துக்கொண்டு வரும். இந்த ஆபத்துக்கு வெளியே தெரியும் அடையாளம் பெரும்பாலும் கிடையாது. முன்னால் பத்துப் பேர் போன தடம் இருப்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது. 'பழைய பனி, வடக்குச் சரிவு, 2,200-க்கு மேல்' என்று அறிக்கை சொன்னால் அதை அப்படியே நம்புங்கள், குழி தோண்டிப் பார்த்து மறுக்கும் அளவுக்கு நமக்கெல்லாம் அனுபவம் இல்லை.

அடுத்தது வரைபடம். சுவிஸ் அரசின் வரைபட ஆப்பான சுவிஸ்டோப்போவில் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளைக் காட்டும் அடுக்கை இயக்குங்கள், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று செங்குத்து கூடக் கூட நிறம் மாறும். பலகையாகப் பிய்த்துக்கொண்டு வரும் பனிச்சரிவு கிளம்புவது பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல். பழைய எளிய விதி ஒன்று உண்டு: அபாயம் 2 என்றால் 40 டிகிரிக்குக் கீழ், 3 என்றால் 35-க்குக் கீழ், 4 என்றால் 30-க்குக் கீழ். இதில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது, 3 என்றால் நீங்கள் கால் வைக்கும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்தச் சரிவு முழுவதையும், உங்கள் தலைக்கு மேல் தொங்குவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கீழே சமதரையில் நடப்பவரின் எடையே மேலே இருக்கும் சரிவைக் கிளப்பிவிடும் நாட்கள் உண்டு. புதியவர்களுக்கு என் கட்டுப்பாடு இன்னும் இறுக்கம்: பழைய பனிப் பிரச்சினை உள்ள நாளில் எண் எதுவானாலும் 30-ஐத் தாண்டாதீர்கள்.

ஸ்னோஷூவுக்கு

ஸ்னோஷூவுக்கும் ஸ்கீக்கும் ஒரே வழி சரிப்படாது. ஸ்கீயில் சரிவைக் குறுக்கே வெட்டி வளைந்து வளைந்து ஏறுவது சுகம். ஸ்னோஷூ குறுக்கே போனால் பக்கவாட்டில் வழுக்கும், கணுக்கால் வலிக்கும், அதற்கு நேராக ஏறுவதும் அகலமான முகடுகளில் நடப்பதும்தான் பொருத்தம். ஸ்னோஷூவில் குதிகாலைத் தாங்கும் கம்பியைத் தூக்கிவிட்டுக்கொண்டால் நேர் ஏற்றம் பாதி வேலையாகிவிடும். சுவிஸ் ஆல்பைன் கிளப் டபிள்யூடி1 முதல் டபிள்யூடி6 வரை தரம் வைத்திருக்கிறது, முதல் குளிர்காலத்துக்கு 1, 2 போதும்.

முதல் முறை போகிறவர்கள் ஃபிரவுவென்கிர்ஹிலிருந்து ஷ்டாஃபெல்ஆல்ப் ஏறுங்கள். 1,505-லிருந்து 1,894 வரை, ஏறக்குறைய 400 மீட்டர் ஏற்றம், பெரும்பகுதி காட்டுக்குள். ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1917-இல் டாவோஸுக்கு வந்தபின் கோடைகளைக் கழித்த இடம் இதுதான், அவர் வரைந்த மரக்குடில்களை நேரில் பார்க்கலாம். கிளம்பும் முன் கீழே தேவாலயத்தின் பின்பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், மலையைப் பார்த்த சுவர் கப்பல் முனை போலக் கூராகக் கட்டப்பட்டிருக்கும், இறங்கி வரும் பனியை இரண்டாகப் பிளப்பதற்கு. இவ்வளவு சாதுவாகத் தெரியும் புல்வெளிக்கே அப்படி ஒரு சுவர் தேவைப்பட்டிருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

டிஷ்மா நீளமானது. ஊரின் ஒரு பகுதியான டாவோஸ் டோர்ஃபிலிருந்து பள்ளத்தாக்கின் கடைசிக் குடில்களான டூர்போடன் (2,007 மீட்டர்) வரை சுமார் 12 கிலோமீட்டர், ஏற்றம் மெல்லியது, ஆகவே 'ஏதோ பூங்காவில் நடப்பது' என்று நினைத்துக் குழந்தைகளோடு கிளம்புகிறவர்களைப் பார்க்கலாம். ஊர்ப்பக்கத்துக் குளிர்காலப் பாதை வரை அது சரிதான். உள்ளே போகப் போக இரு பக்கமும் சரிவுகள் நேராகப் பள்ளத்தாக்கின் தரை வரை இறங்குகின்றன, பெரிய பனிச்சரிவு வந்தால் நீங்கள் நடக்கும் இடத்துக்கே வரும். அபாயம் 3 என்றால் உள்ளே போகாமல் பாதி வழியில் திரும்புங்கள், 4 என்றால் போகவே வேண்டாம். வழியில் ஷ்டில்பெர்க் சரிவு தெரியும்: பனிச்சரிவு கிளம்பும் உயரத்திலேயே மரம் வளர்த்து அதைத் தடுக்க முடியுமா என்று பார்க்க 1975-இல் 92,000 கன்றுகள் நட்ட இடம். லார்ச் மரங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன, மற்ற இரண்டு பைன் வகைகளில் பெரும்பாலானவை செத்துவிட்டன.

செர்டிக்குக்கு ஊரின் இன்னொரு பகுதியான டாவோஸ் பிளாட்ஸிலிருந்து பஸ் இருக்கிறது. 1,861 மீட்டரில் இறங்கி, சின்னத் தேவாலயத்தைத் தாண்டி, உறைந்த அருவி வரை போய்த் திரும்பலாம். அரை நாள் வேலை, மதியம் ஊர் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

வழியில் கவனிக்க வேண்டியவை சில. ஸ்கீகாரர்கள் போட்ட ஏற்றத் தடத்தில் ஸ்னோஷூவோடு மிதிக்காதீர்கள், பக்கத்தில் உங்களுக்கென்று ஒரு தடம் போடுங்கள். கிராஸ் கன்ட்ரி ஸ்கீக்காக (சமதரையில் ஓடும் ஸ்கீ) போட்ட தடத்தில் கால் வைத்தால் திட்டு நிச்சயம். வரைபடத்தில் வனவிலங்கு ஓய்வு மண்டலம் என்று குறித்த இடங்களில் குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது, அது சட்டம், மீறினால் அபராதம். கருங்காட்டுக்கோழிகள் பனிக்குள் குழி பறித்து நாள் முழுக்க அசையாமல் சக்தியைச் சேமித்துக்கொண்டு கிடக்கும், ஒரு தடவை விரட்டினாலே அவற்றுக்குப் பெரும் இழப்பு.

ஸ்கீ ஏற்றத்துக்கு

தொடங்க நல்ல இடம் ஃப்ளூயெலா. இந்தக் கணவாய்ச் சாலை (2,383 மீட்டர்) குளிர்காலத்தில் மூடியிருக்கும். 1999-இல் வெரெய்னா சுரங்கம் திறந்தபின் கார்கள் ரயிலேறி அந்தப் பக்கம் போய்விடுகின்றன, நமக்கு மலை அமைதியாகக் கிடைத்தது. டாவோஸ் பக்கம் வழக்கமாக ட்ஷுக்கன் (1,938 மீட்டர்) வரை போகலாம், பனி அதிகம் கொட்டிய நாட்களில் அதுவும் மூடப்படும், முந்தின நாளே பாருங்கள். அங்கிருந்து பாஸ்லெர்ஷ் கோப்ஃப் 2,629 மீட்டர், சுமார் 700 மீட்டர் ஏற்றம். செண்டிஷ் ஹார்ன் 2,827 மீட்டர், சுமார் 900. முதலாவதில் உங்கள் வேகம் என்ன என்று தெரிந்துகொண்டு பிறகு இரண்டாவதுக்குப் போங்கள். பயிற்சி உள்ளவர் மணிக்கு 400 மீட்டர் ஏறுவார், புதியவர் 300 ஏறினால் அதுவே நன்று, ஆக 700 மீட்டருக்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் மூன்று. இரண்டுமே வடக்குச் சாயலான சரிவுகளில் ஏறுபவை, பனி நன்றாகத் தங்கும், அதே காரணத்தால் பழைய பனிப் பிரச்சினையும் அங்கேதான் தங்கும்.

மோன்ஷ்டைனிலிருந்து ஓபர்ஆல்ப் குடில்கள் வழியாக பூயெலென்ஹார்ன் அடுத்த படி. ஊர் 1,626-இல், உச்சி 2,800-ஐ ஒட்டி, ஆகவே 1,200 மீட்டர் காலுக்கு வேலை. மேல்பகுதி செங்குத்து. நாள் சரியில்லை என்றால் ஓபர்ஆல்ப் மேய்ச்சல் நிலத்தோடு திரும்பிவிடுங்கள், இறக்கம் அங்கிருந்தே அருமையாக இருக்கும், ஊரில் சின்னதாக ஒரு பீர் ஆலையும் உண்டு.

வரலாற்றுப் பிரியர்களுக்கு மையென்ஃபெல்டர் ஃபுர்கா, 2,440 மீட்டர். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் 1894 மார்ச்சில் டாவோஸைச் சேர்ந்த பிராங்கர் சகோதரர்கள் இருவருடன் இந்தக் கணவாயைத் தாண்டித்தான் ஸ்கீயில் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரான அரோசா போனார். அன்று அவர்களிடம் டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி) இல்லை, உங்களிடம் இருக்கட்டும். அரோசாவில் இறங்கினால் டாவோஸ் திரும்ப கூர், லாண்ட்க்வார்ட் என்று ரயிலில் பெரிய சுற்று, ஆகவே காலையிலேயே கிளம்ப வேண்டும்.

மார்ச் கடைசியிலிருந்து கதை மாறும். இரவில் உறைந்து பகலில் இளகும் பனியில் பெரிய வழிகள் திறக்கின்றன. செர்டிக்கிலிருந்து செர்டிக் கணவாய் (2,739) தாண்டி கெஷ் குடில் (2,625), அங்கே இரவு தங்கி மறுநாள் ஆல்புலா மலைகளிலேயே உயரமான பிட்ஸ் கெஷ், 3,418 மீட்டர். போர்ஷாபெல்லா பனியாற்றின் மேல் போக வேண்டும், உச்சிக்குக் கீழே ஸ்கீயைக் கழற்றிப் பாறையில் ஏற வேண்டும், கயிறும் கிராம்பானும் (வழுக்காமல் இருக்க பூட்ஸின் அடியில் மாட்டும் உலோக முட்கள்) பயன்படுத்தத் தெரியாதவர்கள் வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். வசந்த வழிகளில் எல்லாமே கடிகாரம்தான்: இருட்டில் கிளம்பி, வெயில் பனியை உருக்கும் முன், தாமதம் என்றாலும் நண்பகலுக்கு முன், இறங்கிவிட வேண்டும். இரவு மேகம் மூடியிருந்தால் பனி உறையவே இல்லை என்று அர்த்தம், அன்றைக்குக் குடிலிலேயே காபி குடியுங்கள். இறங்குவது துவோர்ஸ் பள்ளத்தாக்கு வழியாக பெர்குன் பக்கம் என்றால், ஃபிலிசுரில் மாறி, 88 மீட்டர் உயர வீசென் பாலத்தின் மேல் ரயிலிலேயே டாவோஸ் வரலாம்.

சாமான்

டிரான்ஸீவர், புரோப் (பனியில் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் (பனி அள்ளும் மண்வாரி), இந்த மூன்றும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக. குழுவுக்கு ஒன்று என்பதற்கு அர்த்தமே இல்லை, புதைந்தவர் பையில் ஷவல் இருந்து என்ன பயன். ஸ்னோஷூகாரர்கள் 'நாங்கள் நடக்கத்தானே செய்கிறோம்' என்று இதை விட்டுவிடுகிறார்கள், பனிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைப்பவர்களே அதிகம், அதன் பிறகு வாய்ப்பு மளமளவென்று இறங்கும், ஆகவே ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருப்பது வழியல்ல, கூட வந்தவர்தான் தோண்டி எடுக்க வேண்டும். டிரான்ஸீவருக்கும் போனுக்கும் இடையே குறைந்தது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50. கிளம்பும் இடத்தில் ஒருவர் முன்னே போய் நின்று, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டும்போது சிக்னல் வருகிறதா என்று பாருங்கள், ஒரு நிமிட வேலை.

ஸ்கின்னைக் கழற்றியதும் ஜாக்கெட்டுக்குள் வையுங்கள், குளிர்ந்துவிட்டால் பசை ஒட்டாது. ஸ்கீயில் மாட்டும் கிராம்பானை வசந்தத்தில் மறக்காதீர்கள், விடியற்காலை உறைந்த பனியில் ஸ்கின் மட்டும் போதாது. ஏறும்போது மெல்லிய உடை, நிற்கும்போது தடித்த ஜாக்கெட், பிளாஸ்கில் சூடான தேநீர், ஒரு ஜோடி உபரி கையுறை.

அவசரத்துக்கு ரேகா என்ற ஹெலிகாப்டர் மீட்புச் சேவை, எண் 1414, அவர்களுடைய ஆப் இருந்தால் இருக்குமிடமும் தானாகப் போய்விடும். 112-உம் வேலை செய்யும். கிளைப் பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டுப்போகும் இடங்கள் உண்டு, ஆகவே எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பயணக் காப்பீட்டில் மலை மீட்பும், தயார் செய்த பாதைக்கு வெளியே போவதும் அடங்குகிறதா என்று பாருங்கள், பல திட்டங்களில் அடங்காது. செர்டிக், மோன்ஷ்டைன் கடைசி பஸ் நேரத்தை மட்டும் காலையிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விட்டால் இருட்டில் சாலையோரம் நடைதான்.