ஊருக்குப் போகமுன் பழைய சிம்மை அடக்குங்கள்

ஊருக்குப் போய்வந்த மாதம் போன் பில் எகிறினால் இலங்கையில் வாங்கிய சிம்மில் பழி போடாதீர்கள். ரீலோட், அதாவது முன்கூட்டிப் போட்ட காசு, தீர்ந்ததும் அது தானாகவே நின்றுவிடும். பணத்தைக் கறப்பது கனடாவிலோ லண்டனிலோ இருந்து போனுக்குள் கூடவே வந்த பழைய சிம்தான்.

அதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போகவும் ஏலாது. வங்கி அனுப்பும் ஓடிபி எனும் ஒருமுறை இலக்கம் அந்த நம்பருக்குத்தான் வரும். ஆகவே வெளிநாட்டிலும் சிம் வேலை செய்ய விடும் ரோமிங் சேவை கணக்கில் திறந்திருக்க வேண்டும், அங்கே அந்தச் சிம்மில் இணையம் ஓட விடும் டேட்டா ரோமிங் போனில் மூடியிருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. சேவை திறந்திருக்கிறதா என்று புறப்பட முன்பே கேளுங்கள். சில ப்ரீபெய்ட் சிம்களுக்கு வெளிநாட்டில் சிக்னலே வராது. ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருவதற்குப் பெரும்பாலும் காசில்லை. பாவித்த ஒவ்வொரு நாளுக்கும் காசு எடுக்கும் நாட்கட்டணத் திட்டத்தில் பதில் அனுப்பினாலோ வந்த அழைப்பை எடுத்தாலோ அன்றைய கட்டணம் விழும்.

அந்த 'நாள்' யாழ்ப்பாணத்து நாள் அல்ல. சில கனடிய நிறுவனங்களுக்கு ரொறன்ரோ நள்ளிரவோடு நாள் முடிகிறது. கோடையில் அது இலங்கையில் காலை 9.30. ஒன்பது மணிக்கு ஒரு அழைப்பும் பத்து மணிக்கு இன்னொன்றும் எடுத்தால் இரண்டு நாள் கட்டணம். கனடாவில் டேட்டா ரோமிங்குக்கு மாதம் 100 டொலர் என்று சட்ட வரம்பு உண்டு. ஆனால் அழைப்புகளுக்கு அது இல்லை. வரம்பைத் தாண்டச் சம்மதம் கேட்டு வரும் மெசேஜுக்கு ஓம் என்றுவிட்டால் டேட்டாவுக்கும் இல்லை.

அழைப்பை எடுக்காமல் விட்டாலும் செலவு வரலாம். மணியடித்து ஓய்ந்த அழைப்பு வொய்ஸ்மெயிலுக்குத் திரும்பும்போது, இலங்கை வரை வந்ததற்கு ஒன்று, கனடாவுக்குத் திரும்பிப் போனதற்கு ஒன்று என்று இரண்டு அழைப்பாகக் கணக்கிடும் நிறுவனங்கள் உண்டு. புறப்பட முன் வீட்டிலிருந்தே ##004# அடித்து அழையுங்கள். அந்தத் திருப்பிவிடல் நீங்கும். திரும்பி வந்தபின் வொய்ஸ்மெயிலை மீண்டும் போட்டுத் தரச் சொல்லலாம்.

இரண்டு சிம் போட்ட ஐபோனில் 'அலோ செலுலர் டேட்டா ஸ்விட்சிங்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதையும் மூடுங்கள். திறந்திருந்தால், ஒரு சிம்மில் கதைத்துக்கொண்டிருக்கும்போது போன் அந்தச் சிம்மின் டேட்டாவுக்கே தாவும். டேட்டா ரோமிங்கை மூட மறந்தவருக்கு இந்தப் பொத்தானை மூடுவது இரண்டாவது பூட்டு.

உள்ளூர் சிம் வாங்கமுன் போன் ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் என்று பூட்டப்படாததா என்று பாருங்கள். கனடாவில் 2017 டிசம்பருக்குப் பின் வாங்கியது என்றால் கவலையில்லை. அமெரிக்காவில் தவணையில் வாங்கியது பூட்டியிருக்கலாம். அங்கே விற்ற ஐபோன் 14க்கும் பிந்தியவற்றுக்கும் சிம் போடும் தட்டே கிடையாது. அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம்தான் கேட்க வேண்டும்.

டயலொக்கா, மொபிட்டலா, ஹட்சா? தங்கப்போகும் வீட்டாரிடம் கேளுங்கள், அதுவும் வீட்டுக்குள்ளே எது எடுக்கிறது என்று. கொழும்பில் நன்றாக எடுப்பது நெடுந்தீவிலும் எடுக்கும் என்று இல்லை. கட்டுநாயக்காவில் வெளியே வரும் வழியிலேயே சிம் விற்பார்கள், பாஸ்போர்ட் வேண்டும். கவுண்டரை விட்டு நகரமுன் ஒரு அழைப்பு எடுத்துப் பாருங்கள், இணையமும் திறக்கிறதா பாருங்கள்.

பக்கேஜில் எழுதியிருக்கும் ஜிபி முழுவதும் எந்நேரமும் பாவிக்கக்கூடியதா என்று கேட்பது முக்கியம். சிலவற்றில் பெரும்பங்கு நள்ளிரவுக்குப் பின்னர்தான் பாவிக்கலாம். சமூக ஊடகத்துக்கு மட்டும் என்று வாங்கினால், வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தட்டியதும் பிரவுசர் திறந்து முதன்மை இருப்பைத் தின்னத் தொடங்கும். படங்களைத் தானாக மேலேற்றும் வசதியையும் நிறுத்துங்கள். ஒரு கலியாண வீட்டு வீடியோக்களே பக்கேஜை முடித்துவிடும்.

வாட்ஸ்அப் புது நம்பருக்கு மாறவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய நம்பரிலேயே ஓடும். வாட்ஸ்அப்பை அழித்துத் திரும்பப் போடவும் கூடாது, உறுதிப்படுத்தும் இலக்கம் பழைய சிம்முக்குத்தான் வரும். தொடர்பு எண்களை +94 போட்டு, முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துச் சேமியுங்கள். யாழ்ப்பாண வீட்டு போன் 021 என்றால் +94 21.

திரும்பும்போது மிச்ச ரீலோட்டோடு சிம்மை அம்மாவிடமோ மருமகனிடமோ கொடுப்பது வழக்கம். அது உங்கள் பாஸ்போர்ட்டில் பதிந்த சிம். அவர்களையும் கூட்டிக்கொண்டு அந்த நிறுவனத்தின் கிளைக்குப் போய்ப் பெயரை மாற்றிவிட்டுக் கொடுங்கள்.