எடை தூக்கியும் வேகம் கூடவில்லையா? சைக்கிள் பந்தய வீரர்கள் ஜிம்மில் செய்யும் தவறுகள்

“மூன்று மாதம் ஜிம்முக்குப் போனேன், சைக்கிளில் பத்து வாட்கூட ஏறவில்லை” (வாட் என்பது மிதிக்கும் திறனின் அளவு) என்று ஒருவர் சொன்னால் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, ஒரு செட்டுக்கு (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்றுக்கு) எத்தனை ரெப் (தடவை) செய்தீர்கள் என்பதுதான். பெரும்பாலும் 20, 25 என்று பதில் வரும். சைக்கிள் நெடுநேரம் தாங்க வேண்டிய விளையாட்டு, அதனால் குறைந்த எடையை நிறையத் தடவை தூக்க வேண்டும் என்ற கணக்கு அது. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் வீணாகும் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது.

நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலாலும் 5,400 முறை பெடலை அழுத்துகிறார். இலேசான சுமையைப் பல்லாயிரம் முறை தள்ளும் பயிற்சியைச் சைக்கிள் ஏற்கெனவே தாராளமாகக் கொடுத்துவிடுகிறது. அதோடு இன்னும் 60 ரெப் சேர்ப்பதால் தசைக்குப் புதிதாக எந்தச் செய்தியும் போவதில்லை. சைக்கிளால் தரவே முடியாத ஒன்று உண்டு, அதுதான் கனமான சுமை. ஜிம்முக்குப் போவது அதற்காக.

பெரிய கியரில் மிதிப்பது எடைப் பயிற்சி ஆகாது

மேட்டில் பெரிய கியர் போட்டு 50, 60 சுற்றில் மிதித்தால் ஜிம் தேவையில்லை என்பது நீண்ட நாள் நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 170 மி.மீ. கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு), 300 வாட், 90 சுற்று என்றால் பெடலில் விழும் சராசரி விசை சுமார் 19 கிலோ எடைக்குச் சமம். அதே 300 வாட்டை 60 சுற்றில் மிதித்தால் 29 கிலோவுக்கு அருகில் வரும். ஒவ்வொரு அழுத்தத்தின் உச்சத்தில் இது ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று வைத்துக்கொண்டாலும் 60 கிலோவைத் தொடுவதில்லை. 70 கிலோ எடையுள்ளவர் ஒற்றைக் காலில் நாற்காலியிலிருந்து எழுந்தாலே அதைவிடக் கூடுதல் சுமை காலில் இறங்குகிறது. குறைந்த சுற்றில் மிதிக்கும் பயிற்சிக்கு வேறு பயன்கள் இருக்கலாம். பலம் சேர்ப்பதற்கு அது மாற்று அல்ல.

அப்படியென்றால், பெடலில் விழும் விசை இவ்வளவு சிறியது எனும்போது கூடுதல் பலம் எதற்கு? ஒரு காலால் 100 கிலோ தள்ள முடிந்தவருக்கு 38 கிலோ அழுத்தம் (மேலே சொன்ன 19 கிலோவின் உச்சம், இரண்டு மடங்கு) என்பது அவர் திறனில் 38 சதவீதம். 130 கிலோ தள்ள முடிந்தவருக்கு அதே அழுத்தம் 30 சதவீதத்துக்கும் குறைவு. சுமை சிறிதாகத் தெரியும்போது சோர்வு தாங்கும் தசை இழைகளே அதிக நேரம் வேலையைச் சமாளிக்கும், சீக்கிரம் களைக்கும் வேக இழைகள் பின்னால்தான் களத்துக்கு வரும். கனமான பயிற்சியில் அந்த வேக இழைகளிலும் ஒரு பகுதி சற்றுத் தாக்குப்பிடிக்கும் வகையாக மாறுகிறது. இன்னொன்றும் உண்டு. 90 சுற்றில் ஒரு அழுத்தத்துக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு வினாடிதான். அதற்குள் விசையை எழுப்பும் வேகத்தையும் கனமான எடை கூட்டுகிறது.

சோர்வில்லாத காலில் அளந்து ஏமாறுவது

மேலே சொன்னதிலிருந்தே பலன் எங்கே தெரியும் என்பது புரியும். பயணத்தின் முடிவில். நார்வேயைச் சேர்ந்த ரோன்னெஸ்டாட் குழு, நன்கு பயிற்சி பெற்ற வீரர்களை 12 வாரம், வாரத்துக்கு இருமுறை கனமான எடை தூக்க வைத்தது. பிறகு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் மிதமாக ஓட்டச் சொல்லி, உடனே 5 நிமிடம் முழுமூச்சாக மிதிக்க வைத்து அளந்தது. சராசரி வாட் சுமார் 7 சதவீதம் கூடியிருந்தது. சைக்கிள் மட்டும் ஓட்டியவர்களிடம் அந்த உயர்வு இல்லை. டென்மார்க்கின் இளம் முன்னணி வீரர்களை வைத்து ஆகார்ட் குழு 16 வாரம் நடத்திய ஆய்வில் 45 நிமிடச் சோதனையில் ஏறக்குறைய 8 சதவீத முன்னேற்றம் கிடைத்தது.

எல்லா ஆய்வும் ஒரே திசையில் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1999-ல் வெளிவந்த பிஷப் குழுவின் ஆய்வில் 12 வாரம் ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) செய்த பெண்களின் கால் பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தது. ஆனால் ஒரு மணி நேர சைக்கிள் சோதனையில் வித்தியாசம் எதுவும் இல்லை. ஸ்குவாட் எண் ஏறினால் வாட் தானாக ஏறிவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆக்ஸிஜன் உள்வாங்கும் உச்சத் திறன் எடைப் பயிற்சியால் பொதுவாக மாறுவதில்லை. 20 நிமிடச் சோதனையை நான்காவது வாரத்தில் செய்து பார்த்து மனம் உடைபவர்கள் அதிகம். அந்த வாரங்களில் கால் கனத்துத்தான் கிடக்கும், வாட் சற்றே இறங்கவும் செய்யும். தொடங்கும் முன் ஒரு முறை, 12 வாரம் கழித்து ஒரு முறை, இரண்டரை மணி நேரம் ஒரே அளவு மிதமாக ஓட்டிவிட்டு 5 நிமிட முழு முயற்சி செய்து ஒப்பிடுங்கள். இரண்டு நாளும் சாப்பாடும் முந்தைய நாள் ஓய்வும் ஒன்றுபோல இருக்கட்டும்.

கனம் என்று கேட்டதும் முதல் நாளே பாரை (எடை மாட்டும் கம்பியை) நிரப்புவது

சைக்கிள் வீரரின் இதயமும் நுரையீரலும் தயார். தசைநாண்களும் முதுகும் தயாரில்லை. தசையைவிடத் தசைநாண் மெதுவாகத்தான் பழகும். முதல் மூன்று வாரம் 12 முதல் 15 ரெப், இன்னும் ஐந்து தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்தும் எடை. அடுத்த மூன்று வாரம் 8 முதல் 10. ஏழாவது வாரத்திலிருந்து 4 முதல் 6 ரெப், 3 செட். வாரத்துக்கு இரண்டு நாள், நடுவே குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. எல்லா செட்டும் சுத்தமாக முடிந்து, இன்னும் இரண்டு ரெப் கைவசம் இருந்தால் மட்டும் அடுத்த முறை இரண்டரை அல்லது ஐந்து கிலோ கூட்டலாம்.

தூக்க முடியாமல் தடுமாறும் வரை போகத் தேவையில்லை. ஒன்று, இரண்டு ரெப் மிச்சம் வைத்து நிறுத்தினாலே பலம் ஏறும். கடைசி ரெப்பைப் பிடுங்கி எடுத்தால் அதன் விலையை மறுநாள் சைக்கிளில் கொடுக்க வேண்டியிருக்கும்.

செட்டுக்கு இடையில் 2 முதல் 3 நிமிடம் உட்காருங்கள். மூச்சு வாங்கினால்தான் பயிற்சி என்று பழகிய சைக்கிள்காரர்களுக்கு இது பெரிய சோதனை. 40 வினாடியில் அடுத்த செட்டுக்கு எழுந்துவிடுவார்கள். அப்போது அது மூச்சுப் பயிற்சியாகிவிடும், எடையைத் தானாகக் குறைக்க வேண்டி வரும். இறக்கும்போது இரண்டு மூன்று வினாடி எடுத்துக்கொண்டு, ஏற்றும்போது முடிந்த அளவு வேகமாகத் தள்ளுங்கள். எடை கனமாக இருப்பதால் பார் மெதுவாகத்தான் எழும். இருந்தாலும் வேகமாகத் தள்ளும் எண்ணம் முக்கியம்.

எந்தப் பயிற்சிகள்?

தொடை தரைக்கு இணையாக வரும் அரை ஸ்குவாட், ஒற்றைக் கால் லெக் பிரஸ் (மெஷினில் உட்கார்ந்து காலால் எடையைத் தள்ளுவது), கேபிளைக் கணுக்காலில் மாட்டி முழங்காலை மேலே இழுப்பது, நின்றபடி குதிகாலை உயர்த்துவது. இந்த நான்கும் போதும். முதுகும் தொடைப் பின்புறமும் பலவீனமானவர்கள் ரொமேனியன் டெட்லிஃப்ட்டை (இடுப்பிலிருந்து குனிந்து, கையில் எடையோடு நிமிர்வது) சேர்க்கலாம். பத்து நிமிடம் மிதித்து உடலைச் சூடாக்குவது உட்பட ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். உட்கார்ந்து முழங்காலை மட்டும் நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினை நம்பியிருப்பது தவறு, ஏனென்றால் பெடலை அழுத்துவதில் இடுப்புக்கும் பெரிய பங்கு உண்டு. அசையும் பலகைமேல் நின்று ஸ்குவாட் செய்வதும் அப்படித்தான். சமநிலைக்குப் போராடுவதால் எடை பாதியாகிவிடும்.

மணிக்கணக்கில் குனிந்தே ஓட்டுபவருக்குக் கீழ்முதுகு வளைந்தபடி எடையை எடுக்கும் பழக்கம் எளிதில் வந்துவிடும். டெட்லிஃப்ட்டில் முதுகு நேராக நிற்காவிட்டால் பாரைத் தரையிலிருந்து எடுக்காதீர்கள், இருபக்கமும் 10–15 செ.மீ. கட்டை வைத்து உயர்த்துங்கள். ஸ்குவாட்டில் குதிகால் எழும்பினால் அதனடியில் சிறிய தட்டு வைத்துப் பழகலாம். முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்ந்தால் எடையைக் குறையுங்கள், விவாதமே வேண்டாம். மெத்தென்ற ஓட்ட ஷூவைவிடத் தட்டையான, கெட்டி அடியுள்ள ஷூ நல்லது. ரேக்கின் (பாரைத் தாங்கும் சட்டத்தின்) பாதுகாப்புக் கம்பிகளை, பார் இறங்கும் கடைசி இடத்துக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே பொருத்தாமல் தனியாகக் கனமான ஸ்குவாட் செய்யவே கூடாது.

வாரத்தில் தவறான இடத்தில் செருகுவது

ஓய்வு நாள் காலியாக இருக்கிறதே என்று அங்கே ஜிம்மை வைத்தால் வாரத்தில் ஓய்வு நாளே இருக்காது. கடினமான நாள் கடினமாகவே இருக்கட்டும். காலையில் இன்டர்வல் (விட்டுவிட்டு வேகமாக மிதிக்கும் பயிற்சி), குறைந்தது 6 மணி நேரம் கழித்து மாலையில் எடை. முந்தைய நாள் ஸ்குவாட் செய்த கால்களோடு இன்டர்வலுக்குப் போனால் குறித்த வாட்டைத் தொடவே முடியாது. வாரம் 10 மணி நேரம் ஓட்டுபவர் இரண்டு ஜிம் நாள் சேர்க்கும்போது, இலேசான ஓட்டத்தில் ஒன்றரை மணி நேரமாவது குறைக்க வேண்டும்.

எடையும் சைக்கிளும் ஒன்றையொன்று கெடுக்கும் என்ற பேச்சு ஹிக்சன் என்ற ஆய்வாளரின் 1980 ஆய்விலிருந்து வருகிறது. அதைப் பலர் தலைகீழாகச் சொல்கிறார்கள். வாரம் 5 நாள் எடை, 6 நாள் தாங்குதிறன் பயிற்சி என்று சேர்த்துச் செய்தவர்களுக்கு அங்கே தேங்கியது கால் பலம். மூச்சுத் திறன் குறையவே இல்லை. சைக்கிள் வீரர் கவலைப்பட வேண்டிய பக்கம் அது அல்ல.

உடல் எடை கூடிவிடுமோ என்ற பயமும் பெரிதாக்கப்பட்டது. இவ்வளவு ஓட்டுபவருக்குத் தசை எளிதில் பருக்காது. ஒரு கிலோ ஏறினால்கூட, சைக்கிளோடு 80 கிலோ வரும் ஒருவருக்கு ஒரு மணி நேர மலையேற்றத்தில் ஏறக்குறைய 40 வினாடி இழப்பு. மலைப் பந்தயக்காரருக்கு இது கவனிக்க வேண்டிய எண்தான். ஆனால் பயந்து சாப்பாட்டைக் குறைப்பது அதைவிடக் கெடுதல். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதமும், ஓட்டத்துக்குத் தேவையான மாவுச்சத்தும் இல்லாவிட்டால் இரண்டு பயிற்சியும் வீண். சாலை வீரர்களின் முதுகெலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது தெரிந்த விஷயம். கனமான எடை அதற்கும் தேவை.

டிராக்கில் நின்ற இடத்திலிருந்து பாயும் ஸ்பிரிண்டருக்கு இந்த அளவுகள் போதாது. அவருக்குத் தசைப் பெருக்கமே மூலதனம், அந்தத் திட்டம் வேறு.

பந்தயக் காலம் வந்ததும் நிறுத்திவிடுவது

இதுதான் கடைசியாகச் செய்யப்படும் தவறு, வலி மிகுந்த தவறும்கூட. மூன்று மாதம் சேர்த்த பலம், முழுக்க விட்டுவிட்டால் சில வாரங்களில் கரையத் தொடங்கும், முக்கியமான பந்தயம் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. காப்பாற்ற வாரம் ஒரு முறை போதும். ஸ்குவாட், லெக் பிரஸ், கேபிளில் முழங்காலை மேலே இழுப்பது, ஒவ்வொன்றும் இரண்டே செட், 5 ரெப். குறைக்க வேண்டியது செட்டை, எடையை அல்ல. ஞாயிறு பந்தயம் என்றால் செவ்வாய் அல்லது புதன். மூன்று வாரம் விட்டுப்போயிருந்தால் பழைய எடையில் குதிக்காமல் 60–70 சதவீதத்தில் தொடங்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு நாள் படிக்கட்டில்கூட இறங்க முடியாது. ஆண்டின் பெரிய பந்தயத்துக்குக் கடைசிக் கனமான செட் 7 முதல் 10 நாளுக்கு முன். அது முடிந்த அடுத்த வாரமே மீண்டும் ரேக்கடியில் நிற்கலாம்.