வெறும் வண்டி, ஈர ரோடு: ஈகோ, டாடா ஏஸ் ஓட்டுபவர்களுக்கு வடசென்னை மழைக்காலச் செய்முறை

ஆம்னி, ஈகோ, டாடா ஏஸ், பொலேரோ எல்லாமே இன்ஜின் இழுவையைப் பின்சக்கரத்துக்கு அனுப்பும் வண்டிகள். வேகன்ஆரிலோ ஸ்விஃப்டிலோ ஓட்டிப் பழகிவிட்டு இவற்றில் ஏறுபவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் வித்தியாசத்தை உணர்வார்கள். முன்சக்கர இழுவைக் காரில் ஈரத் திருப்பத்தில் வேகம் கூடினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். காலை எடுத்தால் பெரும்பாலும் மறுபடி திரும்பிவிடும். பின்சக்கர வண்டியில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வால் பக்கம்தான் வெளியே வீசும். பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் இன்னும் அதிகமாக வீசும்.

காரணம் எளிது. டயர் ரோட்டைப் பிடிக்கும் சக்திக்கு ஓர் அளவு உண்டு. பின்டயர் இரண்டும் வண்டியைத் தள்ளவும் வேண்டும், திருப்பத்தில் பக்கவாட்டில் போகாமல் பிடிக்கவும் வேண்டும். ஈரத்தில் அந்த அளவு குறைகிறது. பாரம் இல்லாவிட்டால் இன்னும் குறைகிறது. ஏஸ் முக்கால் டன் சுமக்கச் செய்த வண்டி, அதன் பின் ஸ்பிரிங் கட்டும் அதற்கேற்ற விறைப்பு. சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் எகிறும். எகிறும் அந்த நொடியில் டயருக்குப் பிடி இல்லை. சரக்கோடு போகும்போது இல்லாத ஆபத்து திரும்பி வரும்போது இருக்கிறது என்பதைப் புதியவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டும்.

1. டயர்

பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள், தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க டயரின் பக்கச் சுவரில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதற்கு நேரே காடிக்குள் ரப்பர் மேடு தெரியும். பட்டன் அந்த மேட்டு மட்டத்துக்கு வந்தால் 1.6 மில்லிமீட்டர், சட்டப்படி அதற்குக் கீழே போகக் கூடாது. ஆனால் மழைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே பின்டயரை மாற்றிவிடுவது நல்லது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணும் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். பட்டன் இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப்போய் ஈரத்தில் வழுக்கும்.

இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். முன்டயர் வழுக்கினால் ஸ்டீயரிங்கிலேயே தெரிந்துவிடும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்டயர் வழுக்குவது தெரிய வரும்போது வண்டி பாதி சுற்றியிருக்கும்.

காற்று விஷயத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஓட்டுநர் கதவுத் தூணிலோ கையேட்டிலோ வெறும் வண்டிக்கு ஓர் அளவும் முழுப் பாரத்துக்கு ஓர் அளவும் போட்டிருப்பார்கள். முழுப் பாரத்துக்கான காற்றோடு வெறும் வண்டியை ஓட்டினால் டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டில் படும். மழை என்று காற்றைக் குறைப்பதும் தவறு. தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது: 30 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய மணிக்கு 90 கிலோமீட்டர். அழுத்தம் குறைந்தாலோ பட்டன் தேய்ந்தாலோ அதற்கு முன்பே மிதக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் காலி ரோடு கிடைக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2. பின்னால் கொஞ்சம் பாரம்

டொரண்டோ போன்ற ஊர்களில் பின்சக்கர ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பனிக்காலத்தில் நான்கு சக்கரத்துக்கும் குளிர்கால டயர் மாட்டி, டிக்கியில் மணல் மூட்டை ஏற்றுவதும் உண்டு. அந்த டயர் நமக்கு வேண்டாம். 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகாமல் இருக்கச் செய்த மிருதுவான ரப்பர், நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் கரைந்துபோகும். மணல் மூட்டை யோசனை மட்டும் இங்கேயும் பலிக்கும்.

25 கிலோ மூட்டை இரண்டு போதும். பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். நனைந்தால் எடை கூடும், மணலும் கசியும். பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். டெயில் கதவை ஒட்டி வைக்கக் கூடாது: முன்சக்கரத்தின் பாரம் குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும், வால் வீசினால் அந்தக் கனமே இன்னும் வீசவைக்கும். கட்டாத மூட்டை பிரேக் அடிக்கும்போது உங்கள் முதுகுக்கு வரும். பின்பக்கம் சிஎன்ஜி சிலிண்டர் உள்ள ஈகோவுக்கும், ஆள் ஏற்றி ஓட்டும் வண்டிக்கும் இது தேவையில்லை.

3. வண்டிக்கு அடியில்

மழை தொடங்கும் முன் மெக்கானிக்கிடம் மூன்று வேலை சொல்லுங்கள். முதலாவது, டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் (இன்ஜின் இழுவையைப் பின்சக்கரம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) பிரீதர், அதாவது காற்றுத் துளை. ஹவுசிங்கின் மேலே சின்ன மூடியாக இருக்கும், சேற்றில் அடைத்துக்கொள்ளும். ஓடிச் சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் சரியில்லையென்றால் அந்த உறிஞ்சல் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். இரண்டாவது, புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டின் மூட்டு. கிரீஸ் நிப்பிள் இருந்தால் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, பின் பிரேக் டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அட்ஜஸ்ட் செய்வது. ஒரு பக்கம் மட்டும் முன்னதாகப் பிடித்தால் ஈரத்தில் அந்தச் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி ஒரு பக்கமாகத் திரும்பும்.

சில வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கும் பாடிக்கும் நடுவே ஸ்பிரிங்கோடு ஒரு வால்வு இருக்கும். பாரத்தைப் பொறுத்துப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. கடற்காற்று வீசும் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் நிற்கும் வண்டிகளில் அது துருப்பிடித்து இறுகிப்போக வாய்ப்பு அதிகம். பாரம் ஏற்றிய நிலையிலேயே இறுகினால் வெறும் வண்டியிலும் பின் பிரேக் முழுசாகப் பிடிக்கும்.

4. எங்கே வழுக்கும்

மழை கொட்டும்போது இருப்பதைவிட, தூற ஆரம்பித்த முதல் சில நிமிடங்களில் ரோடு மோசமாக இருக்கும். கன்டெய்னர் டிரெய்லர்கள் சிந்திய டீசலும் ஆயிலும் தூசியும் சேர்ந்து பசையாகும். எண்ணூர் விரைவுச் சாலை, மணலி, மாதவரம் பக்கம் இது நிச்சயம். டிரெய்லர்கள் வரிசையில் நின்று நின்று நகரும் இடத்தில்தான் அதிகம் சிந்தியிருக்கும். காசிமேடு துறைமுக வாசலில் மழையே வேண்டாம். மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரே போதும். கொருக்குப்பேட்டை கேட்டில் தண்டவாள இரும்பு, மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் ரோட்டில் போட்ட இரும்புத் தகடு, பாதாள சாக்கடை மூடி, ஜீப்ரா கோட்டின் வெள்ளைப் பெயின்ட் ஆகியவற்றின் மேல் சக்கரம் நேராக ஏறி இறங்க வேண்டும். அந்த நேரத்தில் திருப்புவதோ பிரேக் அடிப்பதோ ஆக்ஸிலேட்டரைக் கூட்டுவதோ கூடாது.

5. கால் பழக்கம்

மழையில் வால் வீசும் சம்பவங்களில் பெரும்பாலானவை ஓட்டுபவரின் காலிலிருந்தே தொடங்குகின்றன. அதனால் இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள்.

கிளம்பும்போது வழுக்கலான இடமாக இருந்தால் வெறும் வண்டியை இரண்டாவது கியரிலேயே எடுக்கலாம். முதல் கியரில் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு அதிகம், எளிதாகச் சுழன்றுவிடும். கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல பாரம் இருந்தால் முதல் கியர்தான். இரண்டாவதில் எடுத்தால் கிளட்ச் பிளேட் கருகும்.

திருப்பத்துக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, பிரேக்கையும் கியர் குறைப்பதையும் முடித்துவிடுங்கள். திருப்பத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் வையுங்கள். ஸ்டீயரிங் நேராகத் திரும்பத் தொடங்கிய பிறகே மெல்லக் கூட்டுங்கள். மணலியிலிருந்து வந்து மாதவரம் ரவுண்டானாவில் சுற்றும்போது பக்கத்து லாரிக்கு முன்னால் போய்விடலாம் என்று நடுவில் அழுத்துவதுதான் வால் வீசுவதற்கு வழக்கமான காரணம்.

அடுத்தது இன்ஜின் பிரேக். பின்சக்கர வண்டியில் இது பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். பேசின் பிரிட்ஜ் பாலத்து இறக்கத்தில் நான்காவதிலிருந்து நேராக இரண்டாவதுக்குப் போட்டுக் கிளட்சைப் பட்டென்று விட்டால், ஹேண்ட்பிரேக்கை இழுத்த மாதிரிதான் நடக்கும். ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டு இன்ஜின் வேகத்தைச் சமன்செய்துவிட்டுக் கிளட்சை விடுங்கள். ஓடும் வண்டியில் ஹேண்ட்பிரேக்கைத் தொடவே வேண்டாம்.

முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே நான்கு நொடி இடைவெளி விடுங்கள். நம்ம ரோட்டில் அந்த இடைவெளியில் ஒரு பைக் நுழையும். நுழையட்டும், மறுபடி பின்வாங்கி இடம் விடுங்கள்.

6. வால் வீசிவிட்டால்

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை நிதானமாக எடுத்துக்கொண்டே கிளட்சை முழுசாக மிதியுங்கள். இன்ஜினுக்கும் பின்சக்கரத்துக்கும் தொடர்பு விட்டதும் டயருக்குப் பிடி திரும்ப வாய்ப்பு உண்டு. பிரேக்கைத் தொடாதீர்கள். வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அதே பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள்: பின்பக்கம் இடதுபுறம் போனால் ஸ்டீயரிங்கும் இடதுபுறம். கண் மீடியனையோ எதிர்லாரியையோ பார்க்காமல் நீங்கள் போக வேண்டிய ரோட்டைப் பார்க்கட்டும். கை அங்கேதான் போகும். பின்பக்கம் நேராகத் தொடங்கும்போதே ஸ்டீயரிங்கையும் நேராக்குங்கள். தாமதித்தால் வால் எதிர்ப்பக்கம் வீசும், இந்த இரண்டாவது வீச்சு முதல் வீச்சைவிட வேகமாக இருக்கும்.

வீச்சு கைமீறி வண்டி சுற்றவே தொடங்கிவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் முழுசாக அழுத்தி நிறுத்துங்கள். ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) உள்ள வண்டியில் பிரேக் பெடல் காலில் அதிரும், விடாமல் அழுத்துங்கள். சாவி போட்டதும் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைந்தால் உங்கள் வண்டியில் அது உண்டு. இல்லாத வண்டியில் நேராக நிறுத்தும்போது சக்கரம் பூட்டியதும் சற்றே தளர்த்தி மறுபடி அழுத்த வேண்டும்.

இதை ரோட்டில் பழகாதீர்கள். அனுமதி வாங்கிய காலி மைதானத்தில், ஈரத் தரையில், தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் பழகுங்கள்.

7. தேங்கிய தண்ணீர்

கணேசபுரம், வியாசர்பாடி ஜீவா, திருவொற்றியூர் மாணிக்கம் நகர் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் இறங்கவே வேண்டாம். நடுவில் எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து தெரியாது. முன்னால் பஸ் போனதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஏஸுக்கு 12 அங்குலச் சக்கரம்தான்.

சமதள ரோட்டில் சக்கரத்தின் மையத்துக்குக் கீழே தண்ணீர் என்றால் மட்டும் போகலாம். முதல் கியர், நடை வேகம், நடுவில் கியர் மாற்றக் கூடாது, காலை எடுக்கக் கூடாது. இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குச் சாதாரண பாலிசியில் பணம் வருவது கஷ்டம். இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

சேற்றில் ஒரு பின்சக்கரம் மட்டும் சுழன்றால் டிஃபரன்ஷியல் சுழற்சியை எல்லாம் அதற்கே அனுப்புகிறது. ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைப் பிடிக்கும் வண்டியில் அதை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்து, மெதுவாகக் கிளட்சை விடுங்கள். சுழலும் சக்கரம் தடைபட்டு மறுசக்கரத்துக்கும் இழுவை போகும். வெளியே வந்ததும் உடனே ஹேண்ட்பிரேக்கை விடுங்கள்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

தண்ணீரை விட்டு ஏறியதும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை நாலைந்து முறை லேசாக அழுத்தினால் டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூ காய்ந்துவிடும். ஆயில் கலந்த தண்ணீரென்றால் காயாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, எண்ணூர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்ததே, அப்படிப்பட்ட தண்ணீரில் போன வண்டிக்கு டிரம்மைக் கழற்றிப் பார்த்து, ஊறிய ஷூவை மாற்றத்தான் வேண்டும்.

இரவு நிறுத்தும்போது சமதளமானால் ஹேண்ட்பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஈர ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

ஹவுசிங் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் போயிருந்தால் மறுநாளே டிஃபரன்ஷியலின் ஃபில்லர் போல்ட்டைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. முழுசாக வடித்து, கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பு மட்டம்வரை ஊற்றுங்கள். அப்படியே ஓட்டினால் முதலில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வரும், பிறகு பேரிங்கும் உள்ளே இருக்கும் பல்சக்கரங்களான கிரவுன் பினியனும் போகும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் ஆயில் செலவு ஒன்றுமே இல்லை.