பழைய வெளியிணைப்பு எஞ்சினின் உட்தேய்வை அறிதல்

வாழைச்சேனையிலோ கல்முனையிலோ படகின் பின்புறம் மாட்டும் பழைய வெளியிணைப்பு எஞ்சினொன்றை வாங்குமுன், பூச்சைப் பார்ப்பதைவிட சிலிண்டருக்குள் உண்டாகும் அமுக்கத்தை அளப்பதே முதல் வேலையாகும். இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சினாயின், அதை நீரில் சற்று ஓட்டிச் சூடேற்றி நிறுத்தியபின், இரு பிளக்குகளையும் கழற்றி, பிளக் வயர்களை எஞ்சினின் வெற்று உலோகத்தோடு இணைத்து, திராட்டிலை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு பிளக் துளையிலும் முறையே பொருத்திய அமுக்கமானியின் முள் மேலும் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையிலான வித்தியாசம் 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் ஒருசேரத் தேய்ந்திருக்கவும் கூடும் என்பதால், கையேட்டிலுள்ள அளவோடும் ஒப்பிடுவது அவசியம்.

அமுக்கம் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கையில் முள் உயர்ந்தால், பெரும்பாலும் பிஸ்டன் ரிங்குகளே தேய்ந்திருக்கும். உயராவிட்டால் ஹெட் கேஸ்கட்டையும் பிஸ்டனையும் பார்க்க வேண்டும். பிளக்கின் வெண்பீங்கானில் அலுமினியப் பொட்டுகள் மினுங்கினால் பிஸ்டன் உருகத் தொடங்கியுள்ளது. அத்தகைய எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கச் சொல்லமாட்டேன்.

கியர் எண்ணெய் பால்நிறமாக வந்தால் சீல் வழியே நீர் புகுந்துள்ளது (புரொப்பெல்லர் தண்டில் சுற்றிய வலைநூலே பலவேளை சீலை அறுக்கிறது). அந்த எண்ணெயில் உலோகச் சீவல்கள் விரலில் நெருடினால், பற்சில்லுகள் தேய்கின்றன.