சொட்டை விழுந்த கியூ கோலும் உப்புத்தாளும்

பூல் எனப்படும் மேசைப் பந்தாட்டத்தில் பந்தை அடிக்கும் பழைய கியூ கோல் ஒன்று கைக்கு வந்தால், முதலில் கட்டைவிரல் நகத்தை அதன் தண்டின் மேல் மெல்ல ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய பள்ளமெல்லாம் நகத்துக்குத் தட்டுப்படும். மேசை விளிம்பில் மோதியிருக்கும், சுவரில் சாய்த்தது சரிந்து விழுந்திருக்கும். பெரும்பாலோர் உடனே உப்புத்தாளைத் தேடுகிறார்கள். பழைய கோல்களை அதைப் போலக் கெடுத்தது வேறொன்றும் இல்லை.

சொட்டை விழுந்த இடத்தில் மரம் குறையவில்லை, அமுங்கித்தான் இருக்கிறது. நசுங்கிய இழைகளுக்கு ஈரமும் சூடும் சேர்ந்து கிடைத்தால் அவை உப்பி எழுந்துவிடும். பள்ளத்தின் மட்டத்துக்குச் சுற்றியிருக்கும் நல்ல மரத்தைத் தேய்த்து இறக்கினாலோ, போன மரம் போனதுதான். பூல் கோலின் முனை ஏறத்தாழ 13 மி.மீ. தடிமன். அங்கே கால் மி.மீ. குறைந்தாலே, கோலைத் தாங்கும் இடக்கை விரல்கள் ஒவ்வொரு அடியிலும் அதை உணரும். என் முதல் கோலை நான் அப்படித்தான் பாழாக்கினேன். பார்வைக்கு வழவழவென்று இருந்தது. விரலுக்குள் ஓடும்போது நடுவில் ஓர் ஒல்லி இடுப்பு. எத்தனை பாலிஷ் போட்டும் அது மறையவில்லை.

செய்ய வேண்டியது எளிது. மெல்லிய காகிதத்தை நக அளவுக்கு மடித்து, நனைத்து, பள்ளத்தின் மேல் மட்டும் வையுங்கள். சில நிமிடம் ஊறட்டும். பிறகு மிதமாகச் சூடேறிய இஸ்திரிப் பெட்டியின் முனையால் அதை ஓரிரு விநாடி தொடுங்கள். 'சுர்' என்று ஆவி கிளம்பும். காகிதம் உலர்வதற்குள் எடுத்துவிட வேண்டும். உலர்ந்த பின்னும் அழுத்தினால் மரம் கருகிப் பழுப்புத் தழும்பு விழும். ஆழமான பள்ளத்துக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். தண்டு முழுவதையும் ஈரத்துணியால் சுற்றாதீர்கள். நல்ல இடத்திலும் இழை எழும்பிச் சொரசொரக்கும், கோல் வளையவும் கூடும்.

அடுத்த தவறு அவசரம். ஆவி பிடித்தவுடன் அந்த இடம் சற்றுப் புடைத்து நிற்கும். அப்போதே தேய்த்துச் சமன் செய்தால், ஈரம் வற்றியதும் அங்கே புதிய பள்ளம் தோன்றும். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அதன் பிறகு 600-ஆம் எண் நைஸ் உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே இலேசாகத் தடவி, 1000, 1500, 2000 என்று இன்னும் நைசான தாள்களுக்குப் போனால் போதும். கடைசியில் ஒரு தோல் துண்டால் தண்டு சூடாகும்வரை வேகமாகத் தேய்த்தால் வரும் வழவழப்பு எந்தப் புட்டியிலும் கிடைக்காது. விரல்கள் ஓடும் அந்தப் பகுதியில் வார்னிஷ் பூசுவது பெரும் பிழை. கை வியர்த்ததும் கோல் ஒட்டும்.

வெட்டுக்காயம் வேறு கதை. இழை அறுந்த இடம் ஆவிக்கு எழாது. அதில் நீர்த்த சூப்பர் குளூவைத் துளித் துளியாக விட்டு நிரப்பி, காய்ந்ததும் மட்டப்படுத்த வேண்டும். முனையின் வெள்ளை வளையம், நடு இணைப்பு, பதித்த அலங்காரங்கள் ஆகியவற்றின் அருகே சூட்டைக் கொண்டுபோகாதீர்கள். பழைய பசை இளகிவிடும்.

கைப்பிடிப் பக்கம் இன்னும் நிதானம் வேண்டும். மேலே பூச்சு இருப்பதால் ஆவி மரத்தை எட்டுவது கடினம். அரக்குப் பாலிஷாக இருந்தால் பட்ட இடம் வெளுத்துப் பூத்துவிடும். எந்தப் பூச்சு என்று தெரியாமல் அதன் மேல் இன்னொன்றை ஏற்றுவதும் வழக்கமான தவறு. கண்ணில் படாத மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு. அரக்குப் பாலிஷையே மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்து மீட்கலாம். சுரண்டி எடுப்பதற்கு முன், கோல் யார் செய்தது என்று பார்த்துவிடுங்கள். அமெரிக்காவில் கோல் செய்வதில் பேர்போன ஜார்ஜ் பலபுஷ்கா தம் புகழ்பெற்ற கோல்கள் பலவற்றை பிரன்ஸ்விக் நிறுவனத்தின் சாதாரண டைட்லிஸ்ட் கோல்களிலிருந்தே உருவாக்கினார். எளிமையாகத் தெரியும் பழைய கோலில் மங்கிய முத்திரை ஒன்று இருந்தால், அதைத் தொடாமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது.

ஸ்னூக்கர் ஆடுபவர்களின் ஆஷ் மரக் கோலுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசும் வழக்கம் உண்டு. சில துளிகள் போதும். தடவி, மிச்சத்தை ஒட்டத் துடைத்து, சில நாள் காயவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பத்தை வெளியிடும். கசக்கிய துணியின் மடிப்பில் அது சேர்ந்து தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துப் போட்டு, நன்றாக விறைத்துக் காய்ந்த பிறகு எறியுங்கள்.